இரண்டு சட்டி சூப்

சாயங்காலம் நான்கு மணிக்கு அந்தச் சந்துக்குள் நுழைந்தால் முதலில் மிளகு வாசனை வரும். நாலு வீடு தாண்டுவதற்குள் ஓடைக்கீரையின் பச்சை வாசனையும் வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே சமையலறையிலிருந்து வருபவை. அந்த வீட்டில் இருந்ததோ இரண்டே பேர், சுக்யினும் அவள் கணவன் பாக்ஹோங்கும். இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு சட்டி என்று சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்கள்.

"என் வீட்டு ஆளுக்குக் குளிர்ந்த உடம்பு, எனக்குச் சூட்டு உடம்பு" என்பாள் சுக்யின்.

குவாங்சௌவில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் வீட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் அந்த இரண்டாவது சட்டி அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது, அதற்காக அவள் எத்தனை கண்ணீர் விட்டாள் என்பது அடுத்த வீட்டு கிட்ஃபாவுக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அந்தச் சட்டி கிட்ஃபாவுடையது.

சுக்யினுக்குக் கல்யாணம் பேசியபோது பாக்ஹோங்கின் அம்மா ஜாதகம் கேட்கவில்லை. "பொண்ணோட நாக்கைப் பாக்கணும்" என்றுதான் கேட்டாள். தெருமுனை மருந்துக்கடையில் அப்போதுதான் உட்கார ஆரம்பித்திருந்த யியூ வைத்தியருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி, மாப்பிள்ளை எதிரில், ஜன்னல் வெளிச்சத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பதென்றால்! வெட்கத்தில் அவள் காது மடல்கூடச் சிவந்துபோயிற்று. பாக்ஹோங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னடா இளிக்கிறே? நீயும் நீட்டு" என்றார் வைத்தியர்.

இருவர் நாக்கும் செக்கச்செவேல். மேலே மெல்லிய மஞ்சள் படிவு. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தால் இருவர் நாடியும் குதிரை மாதிரி ஓடின. வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே அடுப்பும்மா. ஒருத்தருக்குத் தனியா, இன்னொருத்தருக்குத் தனியான்னு நீங்க அல்லாட வேண்டியதில்ல. ஒரே சட்டி போதும்."

அந்த ஒரு வார்த்தையை சுக்யின் தாலிப் பவுனைப் போல நெஞ்சோடு முடிந்து வைத்துக்கொண்டாள்.

உண்மையாகவே பாக்ஹோங்குக்கு அப்போது நெருப்பு உடம்பு. பொரித்த பலகாரம் இரண்டு தின்றால் மறுநாள் உதட்டோரம் புண். கோடையில் மூக்கிலிருந்து ரத்தம் வரும். பாயை உதறிவிட்டு வெறும் கல் தரையில் படுப்பான். அவனுக்காகவே அவள் சூப் வைக்கக் கற்றுக்கொண்டாள். பன்றி எலும்பு, காய்ந்த வாத்து இரைப்பை, தேனில் ஊறிய இலந்தை இரண்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் ஓடைக்கீரையைப் போடவேண்டும். முந்திக்கொண்டால் சட்டி முழுதும் கசந்துவிடும். பிறகு மூன்று மணி நேரம் சிறு தீ. ஓடைக்கீரை இல்லாத மாதங்களில் பூசணிக்காயும் பார்லியும். வெயில் உச்சத்தில் பாகற்காய்.

கிண்ணத்தைக் கையில் எடுத்தால் அவன் நிறுத்தமாட்டான். மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, அவளைச் செல்லமாக அழைத்து, "ஆ-யின், இப்பத்தான் மண்டைக்குள்ள மழை பெஞ்ச மாதிரி இருக்கு" என்பான். தீப்பெட்டி ஒட்டும் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து வலித்த அவள் முதுகு அந்த ஒரு பேச்சில் நிமிர்ந்துவிடும்.

அந்த வாழ்வு ஒரே ஒரு வருடம்தான் நீடித்தது. பிறகு பஞ்ச காலம் வந்தது. எலும்பு எங்கே, இலந்தை எங்கே! பிறந்த பெண் குழந்தை நாற்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அறுபத்திரண்டாம் வருடம், சந்தில் பாதி ஆண்கள் மலை ஏறி ஹாங்காங் எல்லையைத் தாண்டிய அந்த மே மாதத்தில், பாக்ஹோங்கும் போனான்.

"மூணே மாசம். காலூனிட்டு உன்னைக் கூப்பிட்டுக்கறேன்" என்றான்.

மூன்று மாதம் பதினெட்டு வருடமாயிற்று.

கடிதம் வந்தது. ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் எழுத்து வேலை என்றும், தலைக்கு மேலே மின்விசிறி சுழல்கிறது என்றும் எழுதினான். அவள் பதிலுக்கு என்ன அனுப்புவாள்? வெள்ளைத் தண்டுக் கீரையை வேகவைத்து, மாடியில் கயிற்றில் போட்டுக் காயவைத்து, கட்டுக் கட்டாக முடிந்து, போகிறவர் கையில் கொடுத்தனுப்பினாள். காய்ந்த கீரை சூட்டைத் தணிக்கும். ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குச் சூடு ஏறியிருக்குமே! நடுவில் சில வருடங்கள் யார் கையிலும் எதையும் கொடுக்க முடியாத காலம். அது போக, மொத்தம் பதினோரு கட்டு அனுப்பியிருந்தாள்.

எண்பதாம் வருடம் நவம்பரில், பத்து நாள் விடுப்பில், பாக்ஹோங் வந்து வாசலில் நின்றான்.

நாற்பத்தாறு வயது. முன்நெற்றி வெறிச்சோடியிருந்தது. அந்த இளங்குளிருக்கே கம்பளிச் சட்டை மேல் கம்பளிச் சட்டை. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள். நேரே சமையலறைக்கு ஓடினாள். காலையிலிருந்து சிறு தீயில் இருந்த ஓடைக்கீரைச் சூப்பைக் கிண்ணம் விளிம்புவரை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

அவன் கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். பிறகு குடித்தான். ஒரு கிண்ணம்தான்.

"இன்னும் ஊத்தட்டுமா?"

"போதும் ஆ-யின். ரயில்ல ஏதோ தின்னுட்டேன்."

அன்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளும் ஒரு கிண்ணம். மூன்றாம் நாள் பூசணிக்காய், ஒரு கிண்ணம். ஐந்தாம் நாள் வைக்கும்போதே அவன் கண்ணில் ஒரு தயக்கம் வந்து போனதைக் கவனித்தாள். இந்தப் பத்து நாளுக்குள் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும். இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றோ, நீயும் வா என்றோ. அதற்காகவே அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனோ ஊர், ரயில், கூட்டம் என்று எதையெதையோ பேசினானே ஒழிய அதை மட்டும் பேசவில்லை.

கிணற்றடியில் கீரை அலசும்போது கிட்ஃபா பற்றவைத்தாள்.

"சுக்யின், உன் ஆளு எத்தனை கிண்ணம் குடிக்கிறான்?"

"ஒண்ணு."

"முன்னெல்லாம் மூணு குடிப்பானே! சட்டியையே நக்குவான்."

"வயசாயிடுச்சு அக்கா."

"வயசா? நாக்கு ஒரு சட்டிக்குப் பழகிட்டா இன்னொரு சட்டி எறங்காதுடி. பதினெட்டு வருஷம் ஆம்பளை பட்டினி கெடப்பானா? அங்கே எவளோ ஒருத்தி வெச்சுக் கொடுக்கிறா, பாத்துக்கோ."

"உன் வாயில கொள்ளிய வெக்க!" என்று சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் சட்டியைத் திறந்து எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம். ஓடைக்கீரைச் சூப்பை வைத்துவிட்டு, மறந்துபோன கரண்டியை எடுக்கப் போனவள் திரும்பி வந்தாள். பாக்ஹோங் பின்கட்டில் சாக்கடை ஓரம் குந்தியிருந்தான். கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தான். கீரை இலைகள் கல் இடுக்கில் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் கையிலிருந்த பீங்கான் கரண்டி விழுந்து இரண்டாயிற்று.

"யாரு அவ?"

அவன் திடுக்கிட்டு எழுந்தான். "எவ?"

"எவ சட்டியில குடிச்சுப் பழகிட்டே? சொல்லு! என் கையால வெச்சது சாக்கடைக்குப் போற அளவுக்கு அவ என்னத்தைப் போட்டுக் கொடுக்கறா?"

"அப்படி யாரும் இல்ல ஆ-யின்."

"அப்புறம் ஏன் கொட்டினே?"

அவன் காலிக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"பத்து நாள் ஆகணும்னு காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ரயில் ஏறு. பதினெட்டு வருஷம் இந்த அடுப்பை நான் அணைக்கல ஆ-ஹோங். இன்னிக்கு அணைச்சுடறேன்!"

கரி அடுப்பின் மேல் தண்ணீரைச் செம்போடு கவிழ்த்தாள். புகை கிளம்பியது. அதற்குள்ளே அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்காருவது தெரிந்தது. நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போய்க் கையைத் தொட்டாள். மீன் சந்தையில் கிடக்கும் மீனைத் தொட்டது போல் சில்லிட்டிருந்தது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக யியூ வைத்தியரைக் கூப்பிட ஓடினாள்.

வைத்தியர் வந்து மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தார். விரலை அழுத்தினார். இன்னும் அழுத்தினார்.

"நாக்கை நீட்டு."

அன்று சுக்யின் எட்டிப் பார்த்தாள். அவள் மனதில் இருந்த அந்தச் சிவந்த நாக்கு அங்கே இல்லை. வெளுத்து, உப்பி, ஓரமெல்லாம் பல் பதிந்த தடத்தோடு, பால் ஏடு படிந்தது போல ஈரமாக ஒன்று கிடந்தது.

"இவனுக்கு என்ன கொடுத்தே?"

"ஓடைக்கீரை. நடுவுல பூசணிக்காயும் பார்லியும். நேத்து பாகற்காய்."

"ஏழு நாளுமா?" வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, புருஷனைக் கொல்லணும்னா கத்தி போதாதா? இத்தனை கரியை ஏன் வீணாக்கினே?"

"அவனுக்குச் சூட்டு உடம்பு வைத்தியரே! நீங்கதானே சொன்னீங்க. ஒரே சட்டி போதும்னு நீங்கதானே..."

"நான் சொன்னது இருபத்திநாலு வயசுப் பையன் நாக்கைப் பாத்து. இது வேற நாக்கு. உடம்புன்னா என்ன, கல்லுல வெட்டினதா?" பிறகு பாக்ஹோங் பக்கம் திரும்பினார். "அங்கே என்ன வேலை பாக்கறே?"

"ஆபீஸ்ல எழுத்து..."

"மின்விசிறிக் காத்துக்கு இவ்வளவு குளிர் எலும்புக்குள்ள எறங்காது. பொய்யை உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, கேட்டுப்பா. நாடிகிட்ட சொல்லாதே."

பாக்ஹோங் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மீன் கிடங்கு. ஐஸ் அறை. அங்கே போய்ச் சேந்த மூணாம் வருஷத்துல இருந்து. பெட்டி தூக்கற வேலை. காலையில உள்ளே போனா மத்தியானம்தான் வெளியே வருவேன்."

சுக்யின் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மின்விசிறி சுழல்கிறது என்று அவன் எழுதிய ஒவ்வொரு கடிதமும் அவள் தலைக்குள் சுழன்றது. பதினைந்து வருடம் ஐஸுக்குள் நின்றவனுக்கு அவள் குளிர்ச்சியாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்திருக்கிறாள்! குளிரக் குளிர ஊட்டியிருக்கிறாள்!

வைத்தியர் இஞ்சியும் பட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கஷாயம் இறங்கி வலி தணிந்த பிறகு அவள் கேட்டாள்.

"முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா பாவி?"

"எப்படிச் சொல்றது? முதல் கிண்ணத்தை வெச்சுட்டு என் வாயையே பாத்துட்டு நின்னே. பதினெட்டு வருஷமா என் உடம்பை நீ அப்படியே ஞாபகம் வெச்சிருந்தே ஆ-யின். அந்த உடம்பு இப்போ இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. முடிஞ்ச மட்டும் குடிச்சேன். இன்னிக்கு முடியல."

"ஐஸ் அறைன்னு எழுதியிருந்தா நான் என்ன ஓடியா போயிருப்பேன்?"

"அழுதிருப்பே."

"இப்ப மட்டும் சிரிக்கிறேனா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவனை ஜன்னலோரம் இழுத்து உட்காரவைத்தாள்.

"நாக்கை நீட்டு."

"வைத்தியர்தான் பாத்துட்டாரே..."

"நான் பாக்கலையே. நீட்டு."

அவன் நீட்டினான். ஓரத்துப் பல் தடங்களை ஒவ்வொன்றாக அவள் பார்த்தாள். தனக்குத் தெரியாமல் போன பதினெட்டு வருடமும் அங்கேதான் பதிந்திருப்பது போல வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, உன் பெரிய சட்டி ஒண்ணு வேணும்."

"உன்கிட்டதான் இருக்கே?"

"அதுல இருபது வருஷத்துக்கு மேல கீரை கொதிச்சிருக்கு. அது எனக்கு. இவனுக்கு வேற."

மறுநாள் பன்றி இரைப்பையை உப்பும் மாவும் போட்டு ஏழு தண்ணீர் கழுவினாள். வெறும் வாணலியில் வதக்கி வாடை போக்கினாள். இடித்த வெள்ளை மிளகை ஒரு கைப்பிடி உள்ளே அடைத்து, வாயை நூலால் கட்டி, இஞ்சியோடு சட்டியில் இறக்கினாள். ருசி பார்க்க ஒரு கரண்டி வாயில் விட்டதும் அவள் தொண்டை பற்றி எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பாக்ஹோங் குடித்தான். இரண்டாவது கிண்ணத்தில் அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது, இளஞ்சூடான வேர்வை. கம்பளிச் சட்டையில் ஒன்றைக் கழற்றினான். மூன்றாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டினான்.

அவள் சமையலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள்.

பத்தாம் நாள் அவன் கிளம்பினான். வேலையை முடித்துக்கொள்ள வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும் என்றான். ஸ்டேஷனில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வருவியா?"

"மிளகு தீர்ந்துடாம பாத்துக்கோ" என்றான்.

அதை நம்புவதா? இதே வாய்தான் மூன்று மாதம் என்றது. ஒரு வாரம் போயிற்று. இரண்டு, மூன்று வாரமும் போயிற்று. கிட்ஃபா வாசலில் வந்து நின்றாள்.

"சுக்யின், குளிர்காலத் திருநாளுக்கு என் மக வீட்டு ஆளுங்க வராங்க. சட்டி வேணுமே."

"இன்னும் ரெண்டு நாள் அக்கா."

"போன வாரமும் இதான் சொன்னே. வராதவனுக்கு எதுக்குடி சட்டி? கழுவிக் கொடுத்துடு."

"நாளைக்குத் திருநாள் மட்டும் போகட்டும். நாளை மறுநாள் நானே கொண்டுவந்து வெக்கறேன். அதுவரைக்கும் கேக்காதே, உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்."

கிட்ஃபா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள். திருநாள் அன்று வீட்டுக்கு வீடு பண்டம் மணக்க, சுக்யின் அந்தச் சட்டியில் மிளகு போட்டு இரைப்பையை வேகவைத்துவிட்டு, யாரும் இல்லாத மேஜையில் இரண்டு கிண்ணம் வைத்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. பாக்ஹோங். தோளில் ஒரு சாக்கு மூட்டை.

"வாசனை சந்து முனைக்கே வருதே!" என்றான்.

அவன் மூட்டையை அவிழ்த்தான். அதற்குள் இருந்தவை அவள் கட்டிய முடிச்சுகள். அவள் காயவைத்த கீரைக் கட்டுகள். பதினொன்று. முதல் நாலைந்து பொடியாகி உதிர்ந்தன. மற்றவை கறுத்துச் சுருங்கிக் கிடந்தன.

"அங்க ஒரு வைத்தியன் குளிர்ச்சியா எதையும் தொடாதேன்னுட்டான். திங்க முடியல. யாருக்கும் கொடுக்கவும் மனசு வரல. படுக்கைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தேன். உன் மாடி வாசனை வரும்."

"அட மடையா!" என்று அவன் தோளில் அடித்தாள். இன்னொரு அடி அடித்தாள். மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அவன் தோளையே பற்றிக்கொண்டது.

கிட்ஃபா தன் சட்டியை அப்புறம் கேட்கவேயில்லை.

இருபத்திநாலு வருடம் அந்தச் சமையலறையில் இரண்டு அடுப்பு எரிந்தது. சுக்யின் தீப்பெட்டிப் பட்டறையிலிருந்து வந்ததும் முதலில் மிளகுச் சட்டி, அப்புறம் தன் ஓடைக்கீரை. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்ணம் குடிப்பார்கள். அவள் மறந்தாற்போல அவன் கிண்ணத்தில் கரண்டி விட்டால் அவன் கையைத் தட்டிவிடுவான். "உனக்கு நாக்குல புண்ணு வந்தா ராத்திரி பூரா நான்தான் புலம்பலைக் கேக்கணும்" என்பான். அவளுக்கு எல்லாம் நிறைவுதான். ஆனால் பக்கத்தில் சட்டிகள் இரண்டும் தனித்தனியாகக் கொதிக்கும்போது, "ஒரே சட்டி போதும்" என்ற அந்தப் பழைய வார்த்தை மட்டும் எங்கோ ஒரு மூலையில் முள்ளாய்க் குத்தும். யாரிடமும் சொன்னதில்லை.

அறுபத்தாறாவது வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க அவளுக்கு முழங்கால் விறைத்தது. ஓடைக்கீரை குடித்த நாளெல்லாம் வயிறு இரைந்தது. யியூ வைத்தியர் நரைத்து, கனத்த கண்ணாடிக்குள்ளிருந்து அவள் நாக்கைப் பார்த்தார்.

"வெளுத்துப் போச்சு. உன் நெருப்பும் தணிஞ்சாச்சும்மா. கீரையை விடு."

"உங்க கண்ணு சரியில்ல வைத்தியரே. நல்லாப் பாருங்க, எனக்குச் சூட்டு உடம்பு."

"உன் புருஷனுக்கும் இதையேதான் சொன்னே. அவன் சட்டியிலயே உனக்கும் ஊத்திக்கோ, போ."

வழியெல்லாம் அவளுக்குக் கோபம். ஓடைக்கீரை இல்லாமல் என்ன சாப்பாடு! கீரைக்காரி கூப்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து, பழக்கத்தில் இரண்டு அடுப்பையும் பற்றவைத்தாள். பிறகு ஒன்றின் முன்னால் வெறும் கையோடு நின்றாள். அப்போதுதான் வைத்தியர் சொன்னது அவளுக்கு உறைத்தது. மெல்லக் குனிந்து அந்த அடுப்பை அணைத்தாள்.

அன்று சாயங்காலம் கம்பி கட்டிய தன் பழைய சட்டியைப் பளபளவென்று தேய்த்து எடுத்துக்கொண்டு கிட்ஃபா வீட்டுப் படியேறினாள்.

"இந்தா அக்கா, உன் சட்டி."

கண் மங்கிய கிட்ஃபா அதைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தாள். "இது என்னோடது இல்லையே. என்னோடது பெருசுல்ல?"

"உன்னோடதுலதான் இனிமே நாங்க ரெண்டு பேரும் குடிக்கப்போறோம்."

கிட்ஃபாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

"அடியே, கெழவி ஆனப்புறம் உனக்கு இப்பத்தான் கல்யாணமா?"

சுக்யின் வெட்கத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். உள்ளே பாக்ஹோங் மிளகுச் சட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளுக்காக இரண்டாவது கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.